குடிக்காமல் வைத்த தண்ணீர்

அந்த ஆளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பிடிக்காத ஒரு ஆள் சொன்னதை ஒன்றே கால் வருடம் வேதவாக்காக எடுத்துக்கொண்டு நடந்தேனே, அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அவனைத் திட்டியே இதை எழுதி முடித்துவிடலாம், எனக்கு அது சுலபம். ஆனால் அவன் என்னிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. நான் இழந்தது ஒரு வீடு. என் பெயரில் இருக்கும் வீடு அல்ல. பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கு அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது மாடியில், செருப்பை உதறிவிட்டுக் கதவைத் தட்டாமல் நான் நுழைந்துகொண்டிருந்த ஒரே வீடு. அதைக் கெடுத்தது நான்தான்.

அது ஓர் அக்காவின் வீடு. கூடப் பிறந்த அக்கா இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, நகத்தைவிடச் சின்னச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று தேடுவது. தொழிற்சாலை பஸ் எங்களை அவர் குடியிருக்கும் கட்டடத்தின் அடியில்தான் இறக்கிவிடும். என் வீடு இன்னும் இரண்டு கட்டடம் தள்ளி. ஆனால் ஒரு நாளும் நான் நேராக என் வீட்டுக்குப் போனதில்லை.

"வாடி, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்பார். லிஃப்ட் ஏறி மேலே போவோம். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், எவர்சில்வர் குடத்தில் மூடி வைத்திருப்பார். லேசாக மஞ்சள் ஓடிய தண்ணீர். ஒரு டம்ளர் குடித்து, அன்றைக்குச் சூப்பர்வைசர் செய்த அட்டகாசத்தை ஒரு மூச்சு திட்டிவிட்டு நான் கிளம்புவேன். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மகளுக்குச் சோறு போட்டு, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பியது அந்த வீடு. அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோது, "சும்மா இரு லா, எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்குல்ல" என்று அடக்கிவிட்டார்.

பிறகு எங்கள் பிரிவை மூடினார்கள். அக்காவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் தண்ணீர் வடிகட்டி விற்கும் அந்தக் கம்பெனியில் போய் விழுந்தேன்.

அலுவலகம் கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில். கீழே ஒரு சீனப் பெண்மணியின் கோப்பிக் கடை, மேலே நாங்கள். இரண்டு பக்கமும் பட்டறைகள். வெல்டிங் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பாடம் நடக்கும். பாடம் எடுத்தவன் நம் ஆள்தான், தமிழன். அந்த வெயிலில் கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை, மேசைமேல் ஒரு மரக்கத்தி. தன்னை 'ஜெனரல்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்றான். கோலாலம்பூரில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தானாம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய சீனப் போர்த்தந்திரம் முழுவதையும் அந்த இரண்டு நாளில் கரைத்துக் குடித்துவிட்டானாம்.

"சீனன் ஏன் வியாபாரத்துல ஜெயிக்கிறான் தெரியுமா? அவன் ரத்தத்துலயே இந்தப் போர்க்கலை ஊறியிருக்கு" என்பான். கீழே கோப்பிக் கடைக்காரி விடியற்காலையிலிருந்து நின்றபடியே கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் மேலே காலால் தரையை உதைத்துப் போர் முழக்கம் போடும்போது, அவள் கூரையிலிருந்து தூசி கோப்பைகளில் விழும். ஒரு நாள் படியேறி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மலாயில் சண்டை பிடித்தாள். உங்களுக்குப் பைத்தியமா, என் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே என்றாள். ஜெனரல் அவளைப் பார்த்துப் பல்லை இளித்தான். சீனப் போர்த்தந்திரத்தில் கோபமான சீனக் கிழவிக்கு என்ன மருந்து என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

அவன் பாடம் இதுதான். வாடிக்கையாளர் எதிரி. வீடு கோட்டை. எதிரியை அவன் வீட்டாரைவிட நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள். காவல் இருக்கும் வாசலில் முட்டாதே, காவல் இல்லாத இடத்தைத் தேடு. எதிரியைச் சுற்றி வளைத்தால் ஒரு வழியை மட்டும் திறந்து வை, அந்த வழியில் கையெழுத்துப் போடும் தாள் இருக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவன் சிப்பாய். இத்தனை விற்றால் படைத்தலைவர், அதற்குமேல் தளபதி. தளபதிக்குச் சிவப்புப் பட்டை போடுவார்கள், கீழே ஆறு சிப்பாய்கள் தருவார்கள்.

வியாபாரத்தோடு விட்டானா? வாழ்க்கையிலும் முன்னேற்றுகிறேன் என்று கிளம்பிவிட்டான். "உங்களுக்கு உள்ளேயும் ஒரு எதிரி இருக்கான். பாவம் பார்க்கிறான் பாருங்க, அவன்தான். தெனம் கண்ணாடி முன்னாடி நின்னு அவனைக் கொல்லுங்க." நான் கொன்றேன். தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, யாருக்காகவும் இரங்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்து முறை சொல்வேன். ஒரு நாள் என் மகள் வெளியிலிருந்து கதவைத் தட்டி, "யார் கூடம்மா சண்டை? எனக்குப் பஸ் போயிரும், சீக்கிரம் வா லா" என்றாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

ஏன் இதையெல்லாம் செய்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முப்பத்தெட்டு வயதில், இனி நீ தேவையில்லை என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் தெரியும். யாராவது ஒருவன் உன்னைப் படைவீரன் என்று கூப்பிட்டால், கோட்டைக் கழற்றாத கோமாளியாக இருந்தாலும் அவன் பின்னால் போகத் தோன்றும். பாவம் பார்க்கச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாள் ஜெனரல் கேட்டான்: "நம்ம தமிழ் வீட்டுல காவல் இல்லாத எடம் எது?" ஒருவன் சாமி அறை என்றான். இன்னொருத்தி பிள்ளைகள் என்றாள். நான் கையைத் தூக்கி, "தண்ணி" என்றேன்.

நம் வீடுகளில் யார் வந்தாலும், பிடித்தவரோ பிடிக்காதவரோ, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். அதை வாங்கிக் குடிப்பதுதான் மரியாதை. தாகம் இல்லையென்றாலும் ஒரு வாய் குடித்துவிட்டு வைக்க வேண்டும். குடிக்காமல் வைத்தால் கொடுத்தவளுக்கு முகம் செத்துப்போகும். இது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் யாரும் செய்வதில்லை. நான் சொன்னேன்: டம்ளர் வேண்டாம் அக்கா, கண்ணாடிக் கிளாஸில் கொடுங்கள் என்று கேட்டு வாங்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றும் சொல்லக்கூடாது. குடிக்காமல், மெதுவாக, மேசைமேல் வைத்துவிட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும்.

ஜெனரல் எழுந்து நின்று கை தட்டினான். தண்ணீர் முற்றுகை என்று பெயர் வைத்து வெள்ளைப் பலகையில் எழுதினான். அந்தக் கோட்டு போட்டவன் கண்டுபிடிக்கவில்லை. எந்தச் சீனனும் சொல்லித் தரவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

கிளாஸை மேசைமேல் வைத்த அடுத்த நொடியே அந்த வீட்டுப் பெண், "காச்சின தண்ணிதான் லா" என்பாள். "இப்பதான் பிடிச்சது" என்பாள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். அவள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பாள். அதற்குப் பிறகு நான் பையிலிருந்து கம்பெனி கொடுத்த சோதனைக் கருவியை எடுப்பேன். இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் கொடுத்தால் தண்ணீர் பழுப்பாக நுரைத்துக்கொண்டு வரும். உண்மையில் துருப்பிடிப்பது கம்பி. ஒன்பது வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஒரே ஒரு வீட்டில்தான் தோற்றேன். ஒரு தமிழ் முஸ்லிம் அம்மா. தண்ணீருக்குப் பதில் ரோஜா நிறத்தில் சிராப் சர்பத் கலந்து கொண்டுவந்தார். வெளிச்சத்தில் தூக்கினால் சிவப்பைத் தவிர வேறென்ன தெரியும்? நான் திருதிருவென்று விழித்தேன். அந்த அம்மா எதிரிலேயே நின்றுகொண்டு, "என்னத்த பாக்குறீங்க, குடிங்க லா" என்றார். குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் கருவியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. வெளியே வந்து ஒன்றை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்த முறை, 'கலர் போட்டா உள்ள இருக்கிறது தெரியாதுல்ல' என்று சொல்ல வேண்டும்.

அடுத்த முறை வந்தது. தளபதி ஆவதற்கு எனக்கு ஒரே ஒரு விற்பனை பாக்கி, ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அக்கா என்னை ஒரு வாரத்துக்கு முன்பே கூப்பிட்டிருந்தார். "நீதாண்டி கூட நிக்கணும். எனக்கு அவங்கக்கிட்ட என்னா பேசுறதுன்னே தெரியல" என்றார். நான் போனேன், பையோடு போனேன். வீட்டில் நுழையும்போதே எனக்குள் கணக்கு ஓடியது. அக்கா இதுவரை வடிகட்டி வாங்கவில்லை. நான் இரண்டு முறை கேட்டும், "எங்களுக்குக் காச்சின தண்ணியே போதும்டி" என்று சிரித்து மழுப்பியிருந்தார். இன்றைக்கு மழுப்ப முடியாது, சாட்சிக்கு ஆள் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு விருந்தாளிகளுக்காக அக்கா புதுக் கண்ணாடிக் கிளாஸ்கள் எடுத்திருந்தார். தட்டில் சீரகத் தண்ணீர் வந்தது. முதலில் மாப்பிள்ளையின் அம்மா எடுத்தார். பிறகு மற்றவர்கள். கடைசியில் நான்.

ஜன்னல் பக்கம் திரும்பினேன். கிளாஸைத் தூக்கிப் பிடித்தேன். ஒன்பது வருடம் நான் குடித்த தண்ணீர். அதற்கு ஏன் அந்த மஞ்சள் என்று எனக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது.

"என்னாக்கா, தண்ணி கலரா இருக்கு?" என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே, "சீரகம்டி. உனக்குத் தெரியாதா?" என்றார். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"கலர் போட்டா உள்ள இருக்கிறது தெரியாதுல்லக்கா" என்று சொல்லிக் கிளாஸைக் குடிக்காமல் மேசைமேல் வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாய்வரை கொண்டுபோன கிளாஸைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவரும் கீழே வைத்தார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பதில்லை என்று வைத்திருப்பவர்கள்கூடத் தண்ணீரை மறுப்பதில்லை. அவர் மறுத்தார். அறைக் கதவருகில் புடவை கட்டி நின்ற பெண்ணின் முகம் சட்டென்று குனிந்தது. அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்ன நடக்கிறது என்று புரியாத பார்வை. அந்தப் பார்வைக்கு நான் இரங்கவில்லை. கண்ணாடி முன் நின்று அத்தனை நாள் பழகியது வீண்போகவில்லை.

"நல்ல வேளை நான் ஒண்ணு கொண்டுவந்தேன்" என்று பையைத் திறந்து வடிகட்டிப் பெட்டியையும் தாளையும் எடுத்தேன். விருந்தாளிகள் முன்னால் அக்கா என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டார். பேனாவை மூட மறந்து அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் என்னை மன்னித்தார் என்று சொன்னால் நம்புவீர்களா? மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, சம்பந்தம் கெடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வழக்கம்போல, "பசியாறிட்டியாடி?" என்று செய்தி அனுப்பினார். நடந்ததைத் தொழில் வேகம் என்று எடுத்துக்கொண்டாரோ, என் கஷ்டம் என்று எடுத்துக்கொண்டாரோ. அவருக்கு என்மேல் இருந்த அந்தப் பாழாய்ப்போன பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கே கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். மிச்சத்தை நான் செய்யாமல் இருந்திருப்பேன்.

மிச்சம் இதுதான். ஒரு ஹோட்டல் மண்டபத்தில் விழா வைத்து எனக்குச் சிவப்புப் பட்டை போட்டார்கள். ஜெனரல் மைக்கைக் கையில் கொடுத்து, "கடைசிக் கோட்டையைப் பிடிச்ச கதையைச் சொல்லுங்க தளபதி" என்றான். நான் சொன்னேன். வெறுமனே சொல்லவில்லை, நடித்துக் காட்டினேன். அக்கா குரலில், "சீரகம்டி, உனக்குத் தெரியாதா?" என்று இழுத்துச் சொன்னேன். சம்பந்தியம்மா கிளாஸை வைத்த விதத்தைச் செய்து காட்டினேன். மண்டபமே சிரித்தது. "அந்த அக்கா மூஞ்சியைப் பார்க்கணுமே!" என்று சொல்லிவிட்டு, கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தேன். வாழ்க்கையில் அத்தனை பேர் எனக்காகக் கை தட்டியது அதுதான் முதல் முறை.

யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் குழுவுக்குக் குழு தாவி, இரண்டு நாளில் அக்காவின் மகளிடம் போய்ச் சேர்ந்தது. மகள் அம்மாவிடம் காட்டினாள்.

காலையில் வரும் செய்தி நின்றது. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்குக் கட்டடத்தின் அடியில் போய் நின்றேன். பஸ் வந்தது, அக்கா இறங்கவில்லை. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வெயிலில் நடந்து, பின்பக்கப் படி வழியாகப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. ஒரு வாரம் நின்றேன். ஒரு வாரமும் அப்படித்தான் போனார். முட்டிவலிக்காரர்.

நான் ஜெனரலிடம் போய்ச் சொன்னேன். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டான். "போர்னா இழப்பு இருக்கும். ஒரு கஸ்டமர்தானே போனாங்க?" என்றான். மேசைமேல் இருந்த மரக்கத்தியை எடுத்து அவன் மண்டையில் ஒன்று போட்டிருக்க வேண்டும். சிவப்புப் பட்டையைக் கழற்றி அந்த மேசைமேல் எறிந்துவிட்டுப் படியிறங்கினேன். வீரம் ஒன்றும் இல்லை. அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

கல்யாணம் நிச்சயமானதும் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தட்டில் வெற்றிலை பாக்கும் அழைப்பிதழும் வைத்து, கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினார்கள். என் பக்கத்து வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் குரல் என் கதவுக்கு வெளியே கேட்டது. நான் அவசரமாகப் புடவையைச் சரிசெய்துகொண்டு கதவருகில் நின்றேன். காலடிச் சத்தம் என் கதவைத் தாண்டிப் போனது. அன்று சாயங்காலம் கைப்பேசியில் அழைப்பிதழின் படம் மட்டும் வந்தது. கீழே ஒரு வார்த்தைகூட இல்லை.

இருந்தும் நலங்கு அன்றைக்குப் போனேன். மானம் கெட்டுத்தான் போனேன்.

வாசலில் செருப்புக் குவியல். கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் தட்டினேன். அக்கா வந்தார்.

"வாங்க" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் எனக்கு வந்ததே இல்லை. அந்த 'ங்க' என்னைச் சுவரோடு சேர்த்து அறைந்தது. "உக்காருங்க" என்று ஒரு நாற்காலி காட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படி தெரிந்தது. நான் விற்ற வடிகட்டி, ஒட்டிய நாடாகூடப் பிரிக்காமல், அட்டைப் பெட்டியோடு தரையில் இருந்தது. அதன்மேல் பூத்தட்டை வைத்திருந்தார்கள். பக்கத்தில் மேடையில் அதே எவர்சில்வர் குடம்.

பெண்கள் சூழ மணப்பெண் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருத்தி தட்டில் டம்ளர்களை அடுக்கிச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு இந்தப் பக்கம் இருந்தவள் எடுத்தாள். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா எடுத்து, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். நடுவில் நான் கையை நீட்டினேன். தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தார். கையில் ஒரு மினரல் போத்தல். மூடியின் சீல் உடைக்காதது. குளிர்ச்சியில் வெளியே வேர்த்திருந்தது. அதை முந்தானையால் துடைத்து, என் முன்னால் ஸ்டூலில் வைத்தார்.

"உங்களுக்குன்னு தனியா வாங்கி வச்சேன்" என்றார். குரலில் ஒரு குத்தல்கூட இல்லை. விருந்தாளியிடம் பேசும் குரல்.

"அக்கா, எனக்கு அந்தத் தண்ணியே போதும்கா" என்றேன்.

"அது கலரா இருக்கும்ங்க" என்றார். சொல்லிவிட்டு, அடுத்து வந்தவர்களை வரவேற்கப் போய்விட்டார்.

சுற்றி இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தார்கள். எந்த வகுப்புக்கும் போகாத பொம்பளை, ஒரு சத்தம் போடாமல், என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துத் தோற்கடித்துவிட்டார். எனக்குத் திறந்து வைத்த வழி வாசல் மட்டும்தான்.

நலங்கு வைக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தேன். போத்தலை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் இரண்டாவது முறையும் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் வைத்ததாகிவிடும். எடுத்துக்கொண்டேன். அக்கா வாசல்வரை வந்து, "போய்ட்டு வாங்க" என்றார். கதவைச் சாத்தவில்லை. ஆனால் நான் செருப்பை மாட்டும்வரைகூட நிற்கவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. படியில் இறங்கினேன். நான்காவது மாடியில் நாக்கு வறண்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போத்தலின் மூடியைத் திருகினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், பழக்கதோஷம். ஒரு தூசி இல்லை. அத்தனையையும் குடித்தேன். தாகம் அடங்கவில்லை.